கார்டு எடுக்கும் எலும்பு டாக்டர்

எலும்பு முறிந்த வீட்டில் முதலில் எழுவது, "கைராசியான எலும்பு டாக்டர் யாரு?" என்ற கேள்வி. செலவு இவ்வளவு ஆகும் என்று மருத்துவமனை எழுதிக் கொடுத்த தாள் கைக்கு வந்ததும் அது, "கார்டு எடுக்குற டாக்டர் யாராவது தெரியுமா?" என்று மாறிவிடும். கார்டு என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை. கலைஞர் காப்பீடு, அம்மா காப்பீடு, சி.எம். கார்டு என்று ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்பப் பெயர் மாறினாலும் மக்கள் மனத்தில் இருப்பது ஒன்றுதான்.

இந்த இரண்டாவது கேள்வி தமிழ்நாட்டில் பெரும்பாலும் தவறான இடத்தில் கேட்கப்படுகிறது. இங்கே மருத்துவர் தம் பெயரில் கார்டு எடுப்பதில்லை. மருத்துவமனைதான் எடுக்கிறது. அதுவும் துறை துறையாக. இதய சிகிச்சைக்குப் பட்டியலில் இருக்கும் மருத்துவமனை எலும்புக்கு இல்லாமல் இருக்கலாம். காலில் ராடு போட்டு முறிவைச் சரிசெய்யக் கார்டை வாங்கிக்கொள்ளும் இடம், மூட்டு மாற்று என்றதும் கையை விரிக்கலாம். அதே மருத்துவர் திங்கட்கிழமை ஒரு மருத்துவமனையில் கார்டுக்கு அறுவை செய்துவிட்டு, செவ்வாய்க்கிழமை இன்னொன்றில் ரொக்கத்துக்கு மட்டும் செய்வார். இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒப்பந்தம் அவரோடு போடப்படவில்லை.

காப்பீட்டு அட்டை நோயாளிக்கு மருத்துவரைப் பிடித்துத் தருவதில்லை. ஒவ்வொரு அறுவைக்கும் ஒரு விலையை அது முன்வைக்கிறது. அந்த விலைக்கு எந்த மருத்துவமனை, எந்த அறுவைக்குச் சம்மதிக்கிறது என்பதைப் பொறுத்தே மருத்துவர் கிடைக்கிறார். ஆகவே தேடலைத் தொடங்க வேண்டியது மருத்துவர் பெயரிலிருந்து அல்ல, அறுவையின் பெயரிலிருந்து.

அரசு பணம் கட்ட, தனியார் மருத்துவமனையில் ஏழைகள் உயர் சிகிச்சை பெறும் முறைக்கு 2007இல் ஆந்திரத்தில் வந்த ஆரோக்கியஸ்ரீ பெரிய முன்னோடி. தமிழ்நாட்டில் 'உயிர் காக்கும் உயர் சிகிச்சைக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டம்' 2009 ஜூலை 23 அன்று தொடங்கியது. ஸ்டார் ஹெல்த் நிறுவனம் நடத்திய அத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 4 ஆண்டுகளுக்குச் சேர்த்து 1 லட்சம் ரூபாய். ஆட்சி மாறிய பின் 2012 ஜனவரி 11 அன்று இப்போதைய திட்டம் வந்தது. பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியா பொறுப்பேற்றது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1 லட்சம், குறிப்பிட்ட சில சிகிச்சைகளுக்கு 1.5 லட்சம் என்றானது. 2018 செப்டம்பர் 23 முதல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து உச்சவரம்பு 5 லட்சமாக உயர்ந்தது. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்ற பழைய விதி, பின்னர் 1,20,000 ரூபாயாகத் தளர்ந்தது. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு இந்த வருமான வரம்பும் கிடையாது.

அந்த 5 லட்சம்தான் குழப்பத்தின் ஊற்று. "அஞ்சு லட்சம் கவர்மெண்டு தருது, அப்புறம் ஏன் எங்ககிட்ட இருபதாயிரம் கேக்குறாங்க?" என்று கொதிக்காத குடும்பம் குறைவு. 5 லட்சம் என்பது குடும்பம் ஓராண்டில் பயன்படுத்தக்கூடிய மொத்த எல்லை. ஒரு குறிப்பிட்ட அறுவைக்கு மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் தொகை வேறு. அது தொகுப்புத் தொகை எனப்படும். படுக்கை, அறுவை அரங்கு, மயக்க மருந்து, மருத்துவர் கட்டணம், மருந்து, உள்ளே வைக்கும் பிளேட், ஸ்குரூ எல்லாம் அதற்குள் அடக்கம். மருத்துவமனையின் தரவரிசைக்கு ஏற்ப அது சற்றுக் கூடும், குறையும். குடும்பக் கணக்கில் 4 லட்சம் மிச்சம் இருந்தாலும் அந்த அறுவைக்குத் தொகுப்பில் எழுதியிருப்பதற்கு மேல் ஒரு ரூபாய் வராது.

எலும்பியல் மற்றத் துறைகளிலிருந்து வேறுபடுவது இங்கேதான். குடல்வால் அறுவையில் உடம்பிலிருந்து ஒன்றை எடுக்கிறார்கள். எலும்பு அறுவையிலோ பெரும்பாலும் ஒன்றை உள்ளே வைக்கிறார்கள், அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். முழங்கால் மூட்டு மாற்றில் இது உச்சம். தேசிய மருந்து விலை ஆணையம் 2017 ஆகஸ்ட் 16 அன்று விலைக் கட்டுப்பாடு கொண்டுவருவதற்கு முன், பரவலாகப் பயன்பட்ட கோபால்ட் குரோமியம் முழங்கால் மூட்டின் சராசரி விற்பனை விலை சுமார் 1.58 லட்சம் ரூபாய் என்று அரசே சொன்னது. அப்போது நம் மாநிலத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கே பொதுவான ஆண்டு எல்லை 1 லட்சம். அச்சடித்த விலைக்கு மூட்டை மட்டும் வாங்கினாலே அந்த எல்லை தாண்டிவிடும், அறுவைக்கு எதுவும் மிஞ்சாது. மருத்துவமனைகள் மொத்தமாக வாங்கும் விலை இதைவிடக் குறைவு என்பதால்தான் ஏதோ நடந்தது. கட்டுப்பாட்டுக்குப் பின் அதே மூட்டின் உச்ச விலை, வரி நீங்கலாக, 54,720 ரூபாய். டைட்டானியம், ஆக்சிடைஸ்டு சிர்க்கோனியம் போன்றவற்றுக்கு 76,600. ஏற்கெனவே மாற்றிய மூட்டை மீண்டும் மாற்றும் அறுவைக்கானது 1,13,950. எலும்பு மருத்துவத்தில் ஏழைகளுக்குப் பெரிதும் உதவிய நடவடிக்கை எது என்று கேட்டால், காப்பீட்டு வரம்பு உயர்வுக்கு முன்னால் இந்த ஒரு நாள் அறிவிப்பைத்தான் நான் சொல்வேன்.

மருத்துவமனை மறுப்பதற்கு இன்னொரு காரணம், பணம் வரும் வேகம். மூட்டு விற்ற வியாபாரிக்கு அடுத்த மாதம் பணம் கொடுக்க வேண்டும். காப்பீட்டுத் தொகையோ ஆவணங்கள் சரிபார்க்கப்பட்டு, கேள்விகள் கேட்கப்பட்டு, சில சமயம் வெட்டப்பட்டு வரும். பெரிய குழும மருத்துவமனை இதைத் தாங்கும், முப்பது படுக்கை மருத்துவமனை தாங்காது. 2025 ஆகஸ்ட் 7 முதல் ஹரியானாவில் இந்திய மருத்துவச் சங்கத்தின் மாநிலக் கிளை ஆயுஷ்மான் திட்டச் சிகிச்சையை நிறுத்துவதாக அறிவித்தது. சுமார் 500 கோடி ரூபாய் நிலுவை என்பது அவர்கள் சொன்ன காரணம். பஞ்சாபிலும் முந்தைய ஆண்டு இதே பிரச்சினை வெடித்தது. பட்டியலில் ஒரு பெயர் இருப்பதும், இந்த மாதம் அங்கே கார்டு செல்லுவதும் வெவ்வேறு என்பதை வடக்கத்திய அனுபவம் காட்டுகிறது.

மருத்துவரே நேராகக் காப்பீட்டை ஏற்கவோ மறுக்கவோ செய்யும் நாட்டில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதும் பயன் தரும். அமெரிக்காவில் ஏழைகளுக்கான பொதுக் காப்பீடு மெடிக்கெய்டு. 1965இல் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தில், முதியோருக்கான மெடிக்கேருடன் சேர்ந்து வந்தது. முதியோர் திட்டம் மருத்துவருக்குக் கொடுப்பதில் முக்கால் பங்கைக்கூட ஏழைகள் திட்டம் நாட்டுச் சராசரியில் கொடுப்பதில்லை. மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும். விளைவை அங்கே ஆய்வாளர்கள் தொலைபேசியிலேயே அளந்தார்கள்.

2001இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்த ஆய்வு எளிமையானது. லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் 50 எலும்பு மருத்துவர்களின் அலுவலகங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, "என் பத்து வயதுப் பையன் ஸ்கேட்டிங்கில் விழுந்து கையை முறித்துக்கொண்டான்" என்று அழைத்தார்கள். தனியார் காப்பீடு என்றபோது 50 அலுவலகங்களும் ஏழு நாளுக்குள் பார்க்க ஒப்புக்கொண்டன. கலிபோர்னியாவின் மெடிக்கெய்டான மெடி-கால் என்றபோது ஒப்புக்கொண்டது ஒன்றே ஒன்று. பத்து வயதுக் குழந்தையின் முறிந்த எலும்பு ஒன்றிரண்டு வாரத்தில் ஒட்டத் தொடங்கிவிடும். மிகவும் கோணலாக ஒட்டினால் பிறகு உடைத்துச் சரிசெய்ய வேண்டிவரலாம். பத்து ஆண்டு கழித்து, 2011இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இலினாய் மாநிலக் குக் மாவட்ட ஆய்வு வந்தது. எலும்பியல் உட்படப் பல துறைகளைச் சேர்ந்த 273 சிறப்பு மருத்துவ நிலையங்களை அழைத்ததில், பொதுக் காப்பீட்டுக் குழந்தைகள் 66 விழுக்காடு முறை மறுக்கப்பட்டார்கள், தனியார் காப்பீட்டுக் குழந்தைகள் 11 விழுக்காடு. இரண்டையும் ஏற்ற இடங்களிலும் ஏழைக் குழந்தை சராசரியாக 22 நாள் கூடுதலாகக் காத்திருக்க வேண்டியிருந்தது. பொது மக்களுக்குக் கிடைக்கும் அளவு மருத்துவர்கள் இவர்களுக்கும் கிடைக்கும்படி கட்டணம் இருக்க வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டத்தில் எழுதியே இருக்கிறது. ஆனால் அதைக் காட்டி மருத்துவச் சேவை தருவோர் வழக்குப் போட முடியாது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்துவிட்டது.

எல்லாரும் காப்பீட்டில் இருக்கும் ஜெர்மனியிலும் வரிசை ஒன்றல்ல. கொலோன், பான் வட்டாரத்தில் நடந்து 2008இல் வெளியான ஓர் ஆய்வில், முழங்கால் எம்.ஆர்.ஐ. உள்ளிட்ட அவசரமற்ற பரிசோதனைகளுக்குப் பொதுக் காப்பீடு உள்ளவர் தனியார் காப்பீடு உள்ளவரைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு காலம் காத்திருந்தார்.

அமெரிக்க மருத்துவர் தொலைபேசியிலேயே முடியாது என்று சொல்லிவிடுவார். நம் ஊரில் அப்படிச் சொல்லமாட்டார்கள். பட்டியலில் இருக்கும் மருத்துவமனை கார்டை வெளிப்படையாக மறுத்தால் புகார் போகும். எனவே மறுப்பு வேறு வார்த்தைகளில் வரும். "பெட் இல்ல, பத்து நாள் கழிச்சு வாங்க." "அப்ரூவல் வர லேட்டாகும், அவசரம்னா கேஷ்ல பண்ணிடலாம்." "இன்சூரன்ஸ்ல வர்றது சாதா பிளேட், டைட்டானியம் வேணும்னா தனியா கட்டணும்." இவற்றில் சில உண்மையாகவே இருக்கும். படுக்கை சில நாள் கிடைக்காதுதான். ஆனால் டைட்டானியம் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம் என்பேன். சாதாரண முறிவுகளில் துருப்பிடிக்காத எஃகுப் பிளேட் பல பத்தாண்டுகளாக எலும்பை ஒழுங்காக ஒட்ட வைத்துக்கொண்டிருக்கிறது. டைட்டானியத்துக்குத் தனி இடங்கள் உண்டு. அது தேவை என்றால் ஏன் என்று மருத்துவர் ஒரு வாக்கியத்தில் விளக்க முடியும். விளக்கம் காப்பீட்டு மேசையிலிருந்து மட்டும் வருகிறது என்றால் அது வியாபாரம்.

இனி அறுவை அறுவையாகப் பார்க்கலாம். சாலை விபத்தில் தொடங்குவதே முறை. 2022இல் இந்தியாவிலேயே அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு, 64,105. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் கார்டைப் பற்றிய கவலையே வேண்டாம். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் கார்டு இருப்பவர், இல்லாதவர், வெளிமாநிலத்தார், வெளிநாட்டார் என்ற வேறுபாடு கிடையாது. தொடங்கியபோது 81 வகைச் சிகிச்சைகள், ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை. அரசு மருத்துவமனைகளோடு சாலையோரத் தனியார் மருத்துவமனைகளும் இதில் உண்டு. 48 மணி நேரம் முடியும்போதுதான் சிக்கல் தொடங்கும். தொடைஎலும்பில் ராடு போடும் அறுவை மூன்றாம் நாளுக்குத் தள்ளினால் அந்த இடம் கார்டுப் பட்டியலிலும் இருக்கிறதா என்பதை முதல் நாளே விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அங்கிருந்து அரசு மருத்துவமனைக்கு மாறுவதை மூன்றாம் நாள் பில்லைப் பார்த்த பிறகு அல்ல, இரண்டாம் நாள் காலையிலேயே முடிவு செய்வது நல்லது.

குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பாட்டி, தாத்தாவின் கதை வேறு. இங்கே நாட்கள்தான் உயிர். படுக்கையிலேயே கிடந்தால் நுரையீரலில் சளி கட்டும், முதுகில் புண் வரும், காலில் ரத்தம் உறையும். இரண்டு நாளுக்குள் அறுவை முடிய வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட இலக்கு. இங்கிலாந்தில் 2010 முதல், 36 மணி நேரத்துக்குள் அறுவை முடித்து, முதியோர் மருத்துவரும் பார்த்திருந்தால் மருத்துவமனைக்குக் கூடுதல் தொகை என்று விதித்தார்கள். விலையை இப்படி வைத்தால் மருத்துவமனை தானாக ஓடும். நம் தொகுப்புத் தொகையோ முதல் நாள் செய்தாலும் பத்தாம் நாள் செய்தாலும் ஒன்றுதான். அதனால் பாட்டிக்காக ஓட வேண்டியவர்கள் வீட்டார். முன் அனுமதிக்கு எக்ஸ்ரே, அட்டை, ஆதார் எல்லாம் இணையத்தில் ஏற்றப்பட வேண்டும். அவசரமென்றால் தொலைபேசியிலேயே அனுமதி வாங்கும் வழி திட்டத்தில் இருக்கிறது, அதை மருத்துவமனைதான் கேட்க வேண்டும். "எமர்ஜென்சி அப்ரூவல் போட்டீங்களா?" என்று கேட்கத் தெரிந்தவர் வீட்டில் ஒருவர் இருந்தால் போதும். நாள் தள்ளிக்கொண்டே போகிறபோதுதான் உறவினர் யாராவது புத்தூர் கட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்பார்கள். மணிக்கட்டில் லேசாக விரிசல் விட்ட எலும்பு அந்தக் கட்டில் கூடலாம். எண்பது வயது இடுப்பெலும்பைக் கட்டுப்போட்டுப் படுக்க வைப்பது அவரை இழப்பதற்கு வழி.

முழங்கால் மூட்டு மாற்று அவசரமல்ல. ஆனால் வலி ஓயாது. கார்டில் இதற்கு மருத்துவர் தேடுவதுதான் இருப்பதிலேயே கடினம், காரணம் மேலே சொன்ன கணக்கு. நாடு முழுவதிலும் சில வகை அறுவைகளை அரசு மருத்துவமனைகளுக்கே ஒதுக்கும் வழக்கமும் உண்டு. தேவையில்லாதவருக்குச் செய்து கணக்குக் காட்டும் மோசடிக்கு அது ஒரு தடுப்பு. ஆகவே இந்த அறுவைக்குப் பெரும்பாலோருக்கு நான் சொல்லும் வழி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

இந்த ஆலோசனையைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. "ஜி.எச்.சுக்கா?" என்பார்கள். எலும்பு மருத்துவத்தில் அந்தச் சுளிப்புக்கு நியாயம் குறைவு. சென்னை மருத்துவக் கல்லூரியின் எலும்பியல் நிலையம் தென்னகத்துக்கே மருத்துவர்களைப் பயிற்றுவித்த இடம். எலும்புப் புற்றுக்குக் காலையே வெட்டி எடுப்பதற்குப் பதிலாக, நோயாளிக்கேற்பச் செய்த செயற்கை எலும்பைப் பொருத்திக் காலைக் காப்பாற்றும் அறுவையில் மயில்வாகனன் நடராஜன் பெயர் பெற்றது அரசு மருத்துவமனைப் பணியில்தான். 2007இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இயந்திரத்தில் சிக்கிச் சிதைந்த கைகளுக்கு ஸ்டான்லி மருத்துவமனையில் ஆர். வெங்கடசாமி உருவாக்கிய கை அறுவைப் பிரிவு நாட்டுக்கே வழிகாட்டி. விரல் துண்டான தொழிலாளி கார்டு எடுக்கும் டாக்டரை ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருப்பதைவிட அங்கே போவது மேல். தமிழ்நாட்டில் அரசு மருத்துவர்கள் பணி நேரத்துக்கு வெளியே தனியாகத் தொழில் செய்யத் தடையில்லை. மாலையில் தனியார் மருத்துவமனையில் ரொக்கத்துக்கு நாம் தேடிப்போகும் நிபுணர், காலையில் நம் மாவட்ட அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்திருப்பவராகவே பல சமயம் இருப்பார்.

அரசு மருத்துவமனை இலவசம்தானே, அங்கே எதற்குக் கார்டு என்றும் கேட்பார்கள். அங்கேயும் கார்டைப் பதிவு செய்தால் காப்பீட்டுத் தொகை மருத்துவமனைக்கு வரும். அதிலிருந்து மூட்டும் ராடும் வாங்கப்படும், ஒரு பகுதி பணியாளர்களுக்கு ஊக்கத்தொகையாகவும் போகும். கார்டு உள்ள நோயாளி அங்கே வருமானம் தருபவர். குறை என்றால் காத்திருப்பு. மூட்டு மாற்றுக்கு என்று நாள் குறித்திருப்பார்கள். முந்தைய இரவு நெடுஞ்சாலை விபத்தில் நாலு பேர் வந்துவிட்டால் அரங்கு அவர்களுக்குப் போகும், மூட்டு மாற்று அடுத்த வாரத்துக்குப் போகும். இதைத் தெரிந்துகொண்டு போனால் கோபம் குறையும். அந்த நாட்களைச் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரவும், பல்லில் சீழ் இருந்தால் சரிசெய்யவும் பயன்படுத்தலாம். இரண்டும் சரியில்லாமல் போய் நின்றால் மயக்க மருந்து மருத்துவரே திருப்பி அனுப்பிவிடுவார்.

கபடியில், கிரிக்கெட்டில் முழங்கால் ஜவ்வு கிழிந்த இளைஞர்களுக்குத் துளை அறுவை செய்யும் நிபுணர்கள் பெருநகரங்களில் குவிந்திருக்கிறார்கள். கார்டு தன் மாவட்டத்தில்தான் செல்லும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, மாநிலத்தின் எந்தப் பட்டியல் மருத்துவமனையிலும் செல்லும். விழுப்புரத்துப் பையன் மதுரைக்குப் போகலாம்.

கார்டு ஒன்றுதான் பொதுக் காப்பீடு என்பதுமில்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்கும் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. உண்டு. சம்பளச் சீட்டில் 0.75 விழுக்காடு பிடித்தம் போவதைப் பார்த்தும் அதைக் காப்பீடு என்று எண்ணாதவர்கள் ஏராளம். சென்னை கே.கே. நகரிலும் கோவையிலும் பெரிய இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் இருக்கின்றன. அங்கே முடியாததற்குத் தனியார் மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள். கடிதம் இல்லாமல் நேராகப் போய் நின்றால் செல்லாது. அரசு ஊழியர், ஓய்வூதியர், முன்னாள் படைவீரர் ஆகியோரின் திட்டங்களுக்குத் தனித்தனிப் பட்டியல்கள் உண்டு. ஒன்றில் இருக்கும் மருத்துவமனை மற்றொன்றில் இருக்கும் என்று எண்ணிப் போய் ஏமாறுவோர் இவர்களிலும் உண்டு.

கார்டு எடுக்கும் டாக்டரைத் தேடுபவர் மருத்துவமனைக்குப் போன் செய்து டாக்டரைக் கேட்க வேண்டாம், காப்பீட்டு மேசையில் இருப்பவரைக் கேளுங்கள். எலும்பியல் துறை இப்போது பட்டியலில் இருக்கிறதா, இந்த அறுவை திட்டத்தில் எந்தப் பெயரில் இருக்கிறது, உள்ளே வைக்கும் பொருள் அதில் அடக்கமா, இந்த மாதம் இதே அறுவையைக் கார்டில் செய்தார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில் மீதி எல்லாம் தெரிந்துவிடும். கூடுதல் பணம் கேட்டால் எதற்கு என்று எழுதிய ரசீது கேளுங்கள். ரசீது என்ற சொல்லே சில இடங்களில் தொகையைக் குறைத்துவிடும். இது பணமில்லாச் சிகிச்சைக்கான திட்டம். முதலில் கட்டிவிட்டுப் பிறகு அரசிடம் வாங்கிக்கொள்ளலாம் என்ற கணக்கு இதில் செல்லாது. கார்டு இல்லாதவர்கள் எலும்பு முறியும்வரை காத்திருக்காமல், கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாருடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்தில் இப்போதே பதிந்துவைப்பது நல்லது.

அறுவை முடிந்தால் வேலை முடிந்தது என்பது எலும்பில் கிடையாது. மூட்டு மாற்றியவர் மடக்கி நீட்டிப் பழகாவிட்டால் புது மூட்டும் பழைய மூட்டைப்போல் இறுகிவிடும். வாரக்கணக்கில் தொடரும் பிசியோதெரபி, வாக்கர், ஆட்டோ கட்டணம் எல்லாம் கைக்காசு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சை உண்டு. வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே ஆரம்பச் சுகாதார நிலையத்தில் சொல்லி வைத்தால் அது கிடைக்கும்.

அரசு செய்ய வேண்டியது, பட்டியலை மாற்றி வெளியிடுவது. இப்போதிருப்பது மருத்துவமனையின் பெயரும் துறையும். நோயாளிக்கு வேண்டியது, எந்த மருத்துவமனை போன மாதம் எத்தனை முழங்கால், எத்தனை இடுப்பெலும்பு அறுவைகளைக் கார்டில் செய்தது, சேர்த்த எத்தனையாம் நாளில் செய்தது என்ற கணக்கு. இங்கிலாந்தும் வேல்ஸும் இடுப்பெலும்பு முறிவுகளுக்கு 2007 முதல் தேசியப் பதிவேடு வைத்து மருத்துவமனைவாரியாக வெளியிடுகின்றன. நம்மிடம் ஒவ்வோர் அறுவைக்கும் அனுமதி நேரம், எக்ஸ்ரே, கட்டிய தொகை எல்லாம் கணினியில் ஏற்கெனவே பதிவாகின்றன. புதிதாகத் திரட்ட ஒன்றுமில்லை, திறந்து காட்ட வேண்டும். அதுவரை, மருத்துவமனை கார்டை மறுத்தாலோ காசு கேட்டாலோ அங்கிருந்தபடியே திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணான 1800 425 3993க்கு அழையுங்கள். வீட்டுக்குத் திரும்பிய பிறகு அழைப்பதைவிட அது பலன் தரும்.